வாய்க்காலும் வாசலும் வாழ வைத்த செந்தமிழ்ச்செல்வி அம்மையாருக்கு

வரைபடத்துக் கோடுகளில் வாழும் மனிதரை வாசித்தவரே! மிரட்டும் குரலுக்கு மசியாமல், முறையிடும் குரலுக்கு முதலில் எழுந்தவரே! புதுவையின் சாரம் பகுதியிலிருந்து சைக்கிளில் வந்து இளநிலை வரைவாளராய்ப் பணியில் சேர்ந்து, நகரமைப்பு அலுவலராய் இன்று பணி நிறைவு பெறும் எங்கள் செந்தமிழ்ச்செல்வி அம்மையாரே! அலுவலகக் குடும்பத்தார் அனைவரும் கைகூப்புகிறோம்.

தங்கள் நற்பண்புகளை அடுக்கத் தொடங்கினால், "போதும் வுடுங்கப்பா" என்று தாங்களே எழுந்துவிடுவீர்கள். ஆகவே, நாங்கள் அருகிலிருந்து கண்ட ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

புதுவைக்கு மேற்கே, ஏரித் தண்ணீரில் நெல் விளையும் ஊரில் பாவாடை என்பவருக்கு வயல் இருந்தது. பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போய்விட, நடவுக்கு ஆளில்லாமல் அது தரிசாய்க் கிடந்தது. அதைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றி, இருபது வீட்டு மனைகள் போட அனுமதி கேட்டார். மனை வாங்கக் காத்திருந்தவர்கள் கடலோர வைத்திக்குப்பத்து மீனவக் குடும்பத்தார். பக்கத்து நிலத்து அஞ்சலாட்சியோ கூடவே கூடாது என்றார். அவர் வயலுக்குப் பாயும் வாய்க்கால் பாவாடையின் நிலத்துக்குள்தான் ஓடியது. மனைப்பிரிவு வரைபடத்தில் அதன்மேல் சாலை போட்டிருந்தார்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டம் கொதித்தது. மீன் விற்கும் சின்னப்பொண்ணு எழுந்தார். "ஒரே வூட்ல மூணு குடும்பம் கெடக்கறோம்மா. அலை வாசப்படிக்கே வந்துடுச்சி. நாங்க எங்க போறது?"

"என் தண்ணிய அடைச்சித்தான் ஒனக்கு வூடு கட்டணுமா?" என்று அஞ்சலாட்சி சீறினார். "தண்ணிதான் வராது, ஒங்க சாக்கடை மட்டும் என் வயலுக்கு வரும்!"

மறுத்துவிட்டால் தொல்லையில்லை என்றார் ஓர் அதிகாரி. அப்படியே அனுமதித்தால் நல்ல பெயர் என்றார் இன்னொருவர். இரண்டையும் தள்ளிவிட்டு, மறுநாள் மழையில் சேற்றில் இறங்கி வாய்க்காலோடு நடந்தீர்கள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்கள் நாங்கள்.

வரப்பில் நின்று பாவாடையிடம், "ரோட்டைத் தள்ளிப் போடுங்க. வாய்க்கா தெறந்தே இருக்கட்டும். சாக்கடைக்குத் தனித் தொட்டி கட்டணும்" என்றீர்கள்.

"ரெண்டு மனை போயிடும்மா!"

"வாய்க்கா போச்சின்னா அவங்களுக்கு வெள்ளாமையே போயிடுங்க."

பாவாடை கோபித்துக்கொண்டு போனார். சில நாளில் செல்வாக்குள்ள ஒருவர் அலுவலகத்துக்கே வந்து, காரைக்காலுக்கு மாற்றல் வரும் என்று எச்சரித்தார். தாங்கள் குரல் உயர்த்தாமல் சொன்ன பதில் எங்கள் செவியில் இன்னும் ஒலிக்கிறது: "காரைக்கால்லயும் வாய்க்கா இருக்குதுங்க. தண்ணிக்கு வழி வுடாத படத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் போனதும், காரைக்காலில் வாடகை வீடு கிடைக்குமா என்று தாங்கள் விசாரித்ததையும் கேட்டோம். அஞ்சாதவர் என்று தங்களைப் புகழ்வது பொய்யாகும். அச்சத்தோடும் அசையாமல் நின்றீர்கள், அதைத்தான் புகழ்கிறோம்.

மாற்றல் வரவில்லை. பாவாடைதான் வந்தார், திருத்திய வரைபடத்தோடு. "குப்பத்துச் சனங்க தெனம் வந்து கேக்குதுங்க. நீங்க சொன்ன மாரியே போட்டாந்துட்டேன்" என்றார். அஞ்சலாட்சி தன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறவில்லை. அதையும் கோப்பில் சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதி, அதன் பின்னரே பரிந்துரைத்தீர்கள். அனுமதி கிடைத்தது, பதினெட்டு மனைகளில் வீடுகள் எழுந்தன.

சென்ற ஐப்பசியில் பெருமழை கொட்டியபோது சென்று பார்த்தோம். சின்னப்பொண்ணுவின் புது வாசலில் தண்ணீர் தேங்கவில்லை. அஞ்சலாட்சியின் வயலில் நாற்று பச்சையாய் நின்றது. வீட்டுக்காரர்களோடு அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால், வாய்க்கால் தூர்வார அவர்கள் இறங்கியபோது அவரும் மண்வெட்டியோடு வந்து எதிர்க்கரையில் வெட்டினார்.

அம்மையாரே! உண்ணும் சோறு இனிக்கவும், உறங்கும் உறக்கம் நிறையவும், உடல்நலம் குன்றாமல் நூறாண்டு நடமாடி மகிழ்க! தேங்காய்த்திட்டிலிருந்து புது மனைப்பிரிவு விண்ணப்பம் ஒன்று நேற்று வந்திருக்கிறது. இப்போதே யாரோ தொலைபேசியில் அவசரப்படுத்துகிறார்கள். திங்கட்கிழமை காலை, அளவு நாடாவோடு நாங்கள் நேரில் போகிறோம்.

என்றும் தங்கள் வழி நிற்கும்,
நகரமைப்புப் பிரிவு அலுவலர்களும் ஊழியர்களும்,
புதுச்சேரி.