வீரணன் வயலுக்கு அடித்த கரம்பை

எழுதிப் பழக்கமில்லாத நான் இதனை எழுதத் துணிந்தமைக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் இன்ஸ்பெக்டர் ஐயா அவர்கள் பொறுத்தருள வேண்டும். சிறு வயது முதலே யாரிடமும் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. ராஜபாளையத்தில் என்னை அறிந்த எவரும் இதற்குச் சாட்சி சொல்வர்.

தூத்துக்குடிக்கு அப்பால் கடலில் எண்ணெய் தேடித் துளையிட்ட கம்பெனியார், துளையிலிருந்து வந்த சேற்றை வைக்க இடம் கேட்டபோதும் அப்படித்தான் சம்மதித்தேன். தேவதானத்தில் என் பழைய செங்கல் சூளையருகே சிமெண்டுத் தொட்டி கட்டினேன். டீசலும் ரசாயனமும் கலந்த சேறு, ஒரு கூடைகூட மண்ணில் படக் கூடாது என்று அதிகாரி விளக்கினார். நன்றாகப் புரிந்துகொண்டேன்.

சேறு பார்க்க அழகாக இருந்தது. கருஞ்சாம்பல் நிறம். அல்வாவைப்போல மண்வெட்டியை விடாமல் பற்றிக்கொள்ளும். எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கோடையில் தொட்டி விளிம்புவரை நிரம்பியது. அடுத்த லாரிகள் கிளம்பிவிட்டதாகத் தந்தியும் வந்தது. அப்போதுதான் கண்மாய் வற்றி, ஊரார் அதன் வண்டலைக் கரம்பை என்று வயல்களுக்கு உரமாக அள்ளிக்கொண்டிருந்தனர். பக்கத்து வயல்காரர் வீரணன், மனைவி வெள்ளத்தாயோடு வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“எம்புட்டு வழவழன்னு இருக்கு. இது எந்தக் கண்மாய்க் கரம்பை, வைகுண்டராஜ் அண்ணாச்சி?”

“தூரத்துக் கண்மாய்” என்றேன். கடலும் நீர்நிலைதானே.

“டீசல் வாடை வருதே?”

நான் பதில் தேடுவதற்குள் வெள்ளத்தாய் முந்திக்கொண்டார். “லாரி ஓட்டுற எங்கண்ணன் மேலயும் இதே வாடைதான். வெளையாமலா போச்சு? ஏழு பிள்ளை.”

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு அடங்குமுன் வண்டி பூட்டிவிட்டார்கள். தொட்டி காலியானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல் அதைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். வீரணன் எனக்கு மாலை போட்டார். மலைமேல் பெருமாளுக்கு என் பெயரில் அர்ச்சனையும் செய்தார்.

அவ்வயலில் நெல் முளைக்கவில்லை. வரப்புப் புல்லும் கருகிற்று. ஐப்பசியில் அவர் வந்தபோது கோபிப்பாரோ என்று அஞ்சினேன். அவரோ தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“கரம்பை பத்தலை போல. நாந்தான் கஞ்சத்தனமாப் போட்டுட்டேன். இன்னொரு நடை அடிச்சா சரியாயிருமா அண்ணாச்சி?”

தொட்டி மறுபடியும் நிரம்பியிருந்தது. கேட்டவர் அவர். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது பண்பாகாது. “தாராளமாக” என்றேன். என் புது மண்வெட்டியையும் கொடுத்தேன்.

“நீங்க நல்லா இருக்கணும்” என்றார். அன்று மகிழ்ச்சியில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

கார்த்திகை அடைமழை அவ்வளவு சேற்றையும் அவர் கிணற்றுக்குள் இறக்கியது.

தாங்கள் கேட்டபடி இழப்பு விவரம்: வயல் ஒன்று. கிணறு ஒன்று. அதில் தண்ணீர் குடித்த உழவு மாடுகள் இரண்டு. பிறகு, அதே கிணற்றில் விழுந்த வீரணன். என் தரப்பில் அந்த மண்வெட்டி. வெள்ளத்தாய் இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.