பூட்டிய பெட்டிக்குள் ஓடிய ஜெனரேட்டர்

பெயர்: நெல்டா கிரௌஸ். வயது: 68. கணவர் பெயர்: ஓரின் கிரௌஸ். தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர், ஓய்வு. நிரந்தர முகவரி: கியர்னி, நெப்ராஸ்கா மாநிலம். தற்போதைய முகவரி: அரிசோனா பாலைவனம், கோயோட்டி வாஷ் குளிர்கால முகாம், வெள்ளை நிறச் சிறிய டிரெய்லர். வாக்குமூலம் பதிவு செய்யப்பட்ட இடம்: மருத்துவமனைத் தாழ்வாரம்.

என் கணவர் உள்ளே ஆக்சிஜன் குழாயோடு படுத்திருப்பதால் ஷெரிப் அலுவலகத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அதனால் அதிகாரி இங்கே வந்து எழுதிக்கொள்கிறார். கார்லண்ட் டிப்ஸ் என்பவருடைய ஜெனரேட்டரைச் சுத்தியலால் அடித்து நொறுக்கியதாக என் மேல் புகார் வந்திருப்பதாகச் சொன்னார். புகார் கொடுத்தவர் அவர், பதில் சொல்ல வேண்டியவள் நான் என்பதைக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நானும் என் கணவரும் ஒவ்வொரு வருடமும் ஊரில் பனி விழத் தொடங்கியதும் டிரெய்லரை டிரக்கின் பின்னால் மாட்டிக்கொண்டு மேற்படி பாலைவனத்துக்கு வந்து தங்குவது வழக்கம். அங்கே மின்கம்பம் கிடையாது. வெயில் மந்தமான நாளில் ஜெனரேட்டர் ஓட்டித்தான் டிரெய்லரின் பேட்டரியை ஏற்ற வேண்டும். எங்கள் பழைய ஜெனரேட்டர் இந்த வருடம் வந்த கையோடு உயிரை விட்டது. அதன் பிறகு புதிதாக ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தோம்.

மேற்படி முகாமில் ஒருவர் ஜெனரேட்டர் வாங்கப்போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், ஆண்கள் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி வந்தவர்களில் முதல் ஆள் அடுத்த டிரெய்லரில் இருக்கும் கார்லண்ட் டிப்ஸ். அவரிடம் கட்டட வேலை நடக்கும் இடங்களில் வைப்பது போன்ற பெரிய ஜெனரேட்டர் ஒன்று இருந்தது.

"சின்னதா வாங்கிட்டு அப்புறம் அழக்கூடாது நெல்டா. ஏ.சி. போட்டா அது அங்கேயே படுத்துரும்," என்றார்.

"குளிர்காலத்துல எனக்கு எதுக்குய்யா ஏ.சி.? நான் காபி போடணும், பேட்டரி ஏத்தணும், உங்க மூஞ்சியைப் பார்க்காம உட்கார்ந்து ஒரு படம் பார்க்கணும். அவ்வளவுதான்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

அதன் பிறகு நான் டவுனுக்குப் போய்ச் சிறிய ஜெனரேட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கினேன். ஒரு கையால் தூக்க முடிகிறதா என்று கடையிலேயே தூக்கிப் பார்த்தேன். ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று கடைக்காரரோடு சாதாரணக் குரலில் பேசிப் பார்த்தேன். சுற்றிலும் விஷவாயு சேர்ந்தால் அது தானாகவே நின்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னார். அதற்காகத்தான் முக்கியமாக அதை எடுத்தேன். எங்கள் டிரெய்லர் அவ்வளவு சிறியது. உள்ளே இரண்டு பேர் மூச்சுவிடவே காற்று அளவாகத்தான் இருக்கும்.

அதைக் கொண்டுவந்து இறக்கியதும் மேற்படி கார்லண்ட் டிப்ஸ் வந்து பார்த்தார். "இது ஜெனரேட்டரா, டிபன் பாக்ஸா? உள்ள சாண்ட்விச் வச்சிருக்காளா பாரு ஓரின்," என்றார். அன்று முதல் என் கணவர் அந்தப் பக்கம் நடந்தாலே டிபன் பாக்ஸ், டிபன் பாக்ஸ் என்று கூப்பிட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய மனுஷர், அதற்குப் போய் முகம் சிவந்து உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். எனக்குப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அதன் பிறகு ஒரு நாள் நான் துணி துவைக்க டவுனுக்குப் போய்த் திரும்பிவந்தபோது என் சிறிய ஜெனரேட்டரைக் காணவில்லை. அதற்குப் பதிலாக ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்று இருந்தது. கார்லண்ட் டிப்ஸ் தன் ஜெனரேட்டரின் சத்தத்தை அடக்க, உள்ளே பழைய தரைவிரிப்பை ஒட்டித் தானே செய்த பெட்டி அது. உள்ளே இருந்த அவருடைய பெரிய ஜெனரேட்டரோடு அதை எங்கள் டிரெய்லரின் சக்கரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிப் பூட்டியிருந்தார்கள். பாலைவனத்தில் ஜெனரேட்டர் திருடு போவது சகஜம் என்பதால் எல்லோரும் பூட்டித்தான் வைப்பார்கள். ஆனால் இந்தப் பூட்டின் சாவி கார்லண்ட் டிப்ஸிடமே இருந்தது.

"என் ஜெனரேட்டர் எங்க?" என்று கேட்டேன்.

"நானும் ஓரினும் மாத்திக்கிட்டோம். கை குலுக்கியாச்சு நெல்டா. இங்க கை குலுக்கிட்டா குலுக்கினதுதான்," என்றார் கார்லண்ட் டிப்ஸ்.

"அந்தக் குலுக்கல்ல என் கை எங்கய்யா இருந்துச்சு?" என்று கேட்டேன். என் கணவர் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேற்படி பெட்டி எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. தள்ளி வைக்கச் சொன்னேன். வயர் எட்டாது என்றார்கள். புகை உள்ளே வரும் என்றேன். "அதான் பெட்டிக்குள்ள இருக்கே, புகை எப்படி வரும்?" என்றார் கார்லண்ட் டிப்ஸ். இந்த அறிவுக்கொழுந்திடம் எதைச் சொல்லிப் புரியவைப்பது? மறுநாளே மாற்றிவிட வேண்டும், அதுவரை நீங்கள் உள்ளே இருக்கும்போது அதை ஓட்டக்கூடாது என்று என் கணவரிடம் மட்டும் சொன்னேன். தலையாட்டினார்.

மறுநாள் மதியம் நான் முகாமின் மறுகோடியில் இருக்கும் வெர்லா டன் என்ற பெண்ணின் டிரெய்லரில் அவளுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எங்கள் டிரெய்லரில் உள்ள விஷவாயு அலாரம் விட்டுவிட்டு ஒற்றைக் கீச்சாகக் கத்தியிருக்கிறது. பேட்டரி இறங்கினால் அப்படித்தான் கத்தும். என் கணவர் கார்லண்ட் டிப்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் வந்து ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பெட்டியைப் பூட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போயிருக்கிறார். என் கணவர் ஜன்னலைத் திறந்துவைத்து, கூரை விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அந்த விசிறி உள்காற்றை மேலே இழுத்து வெளியே தள்ளுவது. அப்படித் தள்ளினால் ஜன்னல் வழியாகக் கீழே இருப்பதெல்லாம் உள்ளே வரும்.

அதன் பிறகு அலாரம் நான்கு நான்காக அலறத் தொடங்கியிருக்கிறது. நான்கு முறை அலறினால் விஷவாயு என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனால் முகாமில் அலாரம் கத்தினாலே பேட்டரி இறங்கிவிட்டது, ஜெனரேட்டரை இன்னும் ஓட்டு என்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். அது அலற அலற, இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஜெனரேட்டரை ஓடவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே ஓடினேன்.

"அலாரம் அடிக்குதே, காது அவிஞ்சு போச்சா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"பேட்டரி இன்னும் ஏறலை நெல்டா. ஏறினா தானா நின்னுரும்," என்றார் கார்லண்ட் டிப்ஸ்.

நான் உள்ளே போனேன். என் கணவர் வாயைத் திறந்தபடி கிடந்தார். முகம் வெயிலில் வெந்ததுபோல் சிவந்திருந்தது. கூப்பிட்டேன், அசையவில்லை. ஜன்னலை மூடிக் கதவை அகலத் திறந்தேன். அந்தக் கட்டிலுக்கு மூன்று பக்கமும் சுவர். அவரோ பெரிய உடம்பு. என்னால் நகர்த்த முடியவில்லை. உதவிக்குக் கத்தினேன். கார்லண்ட் டிப்ஸ் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு அலாரத்தின் பட்டனை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினார்.

"பாரு, சரியாயிருச்சு," என்றார்.

இதை அதிகாரி இரண்டாம் முறை கேட்டார். இரண்டாம் முறையும் இதையேதான் சொன்னேன்.

ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன். அவர் சாவிக்கொத்தை எடுத்தார். டிரக் சாவி, டிரெய்லர் சாவி, மிசௌரியில் இருக்கும் வீட்டின் சாவி என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதன் பிறகு நான் பந்தல் முளை அடிக்க வைத்திருக்கும் சுத்தியலை எடுத்தேன்.

நான் அடித்துக்கொண்டிருந்தபோது வெர்லா டன் கழுத்தில் கட்டிய துணியோடு, ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு ஓடிவந்து, ஒரு ஆளைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், படுக்கை விரிப்போடு என் கணவரை வெளியே இழுத்துப் போட்டாள். அவள் வந்திருக்காவிட்டால் நான் இன்று வேறு வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

தான் வெள்ளோட்டம் பார்க்கத்தான் ஜெனரேட்டரைக் கொடுத்ததாகவும், அது இன்னும் தன் உடைமைதான் என்றும் புகாரில் கார்லண்ட் டிப்ஸ் சொல்லியிருப்பதாக அறிகிறேன். கை குலுக்கியது நிஜமென்றால் நான் உடைத்தது என் சொந்த ஜெனரேட்டர். அதை நான் உடைப்பேன், கொளுத்துவேன், யார் கேட்பது? நிஜமில்லை என்றால் என் சிறிய ஜெனரேட்டர் ஏன் இன்னும் அவர் டிரெய்லரில் காபி போட்டுக்கொண்டிருக்கிறது?

எல்லோர் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாக அவர் சொல்லி அனுப்பினார். என் கணவர் இன்று காலைதான் ஒழுங்காகப் பேசினார். பேசியது இதுதான்: "ஒரு வார்த்தை சாரி சொல்லிரு நெல்டா. திரும்ப அங்கதானே போய் இருக்கணும்." கையைத் தூக்கக்கூட முடியாமல் கிடக்கிறார், அப்போதும் அந்த நாற்காலிக் கூட்டம் என்ன நினைக்கும் என்பதுதான் கவலை. நான் அவருக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஆத்திரத்தில் தன்னிலை மறந்து அடித்ததாக எழுதினால் எனக்கு நல்லது என்று அதிகாரி சொன்னார். நல்ல மனுஷர்தான். ஆனால் அது பொய். எனக்கு எல்லாம் தெளிவாக நினைவிருக்கிறது. முதல் அடி பூட்டில் விழுந்தது, பெட்டி திறந்துகொண்டது. அடுத்த அடி இயந்திரத்தில் விழுந்தது. அதோடு அது நின்றுவிட்டது. அதன் பிறகு விழுந்த அடிகள் எதுவும் அதை நிறுத்துவதற்காக அல்ல. அவை எத்தனை என்று எண்ணவில்லை. எல்லாமே நான் தெரிந்தே அடித்தவை. கார்லண்ட் டிப்ஸ் அவ்வளவு நேரமும் சாவிக்கொத்தோடு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் மேல் ஒரு அடிகூட விழவில்லை. அதற்கு அவர் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எழுதியதை அதிகாரி எனக்கு முழுதும் படித்துக் காட்டினார். நடந்தது இதுதான். ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை.

(ஒப்பம்) நெல்டா கிரௌஸ்