ஐந்து சுற்று

படகுக்குப் பிரேக் கிடையாது சார். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். பாய்மரப் படகை ஓட்டிவிடலாம், நிறுத்துவதுதான் பெரும்பாடு. அதிலும் என் படகில் மோட்டார் இல்லை. எல்லாம் நான் ஒற்றை ஆளாகவே செய்தாக வேண்டும்.

துறையிலிருந்து கொஞ்சம் தள்ளி, அடியில் சங்கிலி போட்ட ஆரஞ்சு மிதவை ஒன்று கிடக்கிறது. படகை அதில்தான் கட்ட வேண்டும். காற்றை எதிர்த்து மூக்கைத் திருப்பி, பாய்க்கயிற்றைத் தளரவிட்டால் பாய் சும்மா படபடக்கும், வேகம் குறையும். எந்த இடத்தில் தளரவிட்டால் மிதவைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்பது வெறும் கண்ணளவு. முந்திவிட்டால் எட்டாமல் நின்றுவிடும். பிந்திவிட்டால் தாண்டிப் போய்விடும், மறுபடி ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். சரியாக நின்றால் பதறாமல் முன்பக்கம் நடந்து போய், கொக்கிக் கழியால் மிதவையை இழுத்துக் கட்டிவிடலாம். பதினோரு வருஷமாக எனக்கு அது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

மற்றபடி எனக்கென்று பெரிதாக எதுவும் கிடையாது. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. காலையிலிருந்து ஜனங்கள் போனில் கத்துவார்கள், நான் "சரிங்க, பாக்கறோங்க" என்பேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறேன். தினமும் மாலையில் ஒன்றரை மணி நேரம் படகு. அந்த நேரத்தில் மட்டும் யாருக்கும் சரிங்க சொல்ல வேண்டாம்.

அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், தங்கமான மனுஷன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் மாடிக்கும் கீழுக்கும் ஓடுவார். ஆனால் வாய் ஓயாது. நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படகுக்கு வந்தார். உயிர்காப்புச் சட்டையைப் போடச் சொன்னால், "அரிக்குதுப்பா" என்று மடித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். ஒரு கயிற்றைத் தொட மாட்டார். ஆபீஸ் கதை, மூட்டு வலி, பக்கத்து வீட்டுக்காரர் கார் நிறுத்துகிற லட்சணம் என்று போகும். கரையேறியதும் துறைக் காவலரிடம், "இன்னைக்கு என்னா காத்து. நாங்க ரெண்டு பேரும் சமாளிச்சு வந்து சேந்தோம்" என்பார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். ஞாயிறு போனால் போகட்டும், மற்ற நாட்கள் இருக்கின்றனவே என்று இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஓய்வு பெற்றார். அந்த ஞாயிறு, கரை தூரத்தில் தெரிகிற இடத்தில், ஃபிளாஸ்கை மூடிக்கொண்டே சொன்னார்.

"இனிமே தினமும் வந்துடறேன் மச்சான். வீட்ல சும்மா உக்காந்து என்ன பண்ண? நீயும் பாவம், தனியாக் கெடந்து அல்லாடற."

"சரி அத்தான்" என்றேன்.

எனக்கு அப்போது கோபம் வரவில்லை. அலுப்பாக இருந்தது. அந்த அலுப்பை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை சார், உடம்பெல்லாம் ஈரத்துணி சுற்றின மாதிரி.

"அப்ப வேலையையும் கத்துக்குடு" என்று அவர் எழுந்து நின்றார். நான் படகைத் திருப்பிக்கொண்டிருந்தேன். திருப்பும்போது பாயின் அடிக்கட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசும். "குனிங்க அத்தான்" என்றேன், சத்தமாகவே சொன்னேன். "என்னது?" என்று திரும்பினார். கட்டை தோளில் பட்டுத் தண்ணீரில் விழுந்தார். அதுவரைக்கும் விபத்துதான். முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் அந்தப் பகுதியில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

விழுந்தவருக்கு எறிகிற மிதவை வளையம் அவர் பைக்கு அடியில் இருந்தது. பதற்றத்தில் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். எனக்குப் பதற்றமே இல்லை. பையை நகர்த்தவில்லை.

விழுந்த ஆளை எடுப்பதும் மிதவையைப் பிடிப்பதும் ஒரே வேலை. முதல் சுற்றில் நான் எடுக்கத்தான் போனேன். கண்ணளவும் சரியாக இருந்தது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே அவர் பேசினார். "பயப்படாத மச்சான். மெதுவா வா. எனக்கு ஒண்ணும் இல்ல." கயிற்றைத் தளரவிட வேண்டிய இடம் வந்தது. நான் விடவில்லை. ஒரு கை தூரத்தில் தாண்டிப் போனேன். ஒரு நிமிஷம் சத்தம் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது சுற்றில் வேண்டுமென்றே முன்னாடியே விட்டேன், எட்டாமல் நின்றது. மூன்றாவதில் தாண்டினேன். அப்போது அவர் பேசவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டதென்று நினைக்கிறேன். நான்காவதில் கை மட்டும் தெரிந்தது. ஐந்தாவது சுற்றில் சரியான இடத்தில் விட்டேன். படகு வந்து அச்சாக நின்றது. அங்கே யாரும் இல்லை.

கரையில் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்தில் படகு சுற்றுவது மட்டும்தான் தெரியும். விளையாடுகிறோம் என்று நினைத்து இரண்டாவது சுற்றில் கையசைத்தாள். பிறகு உங்களிடம், "என் தம்பி அஞ்சு தடவ போராடினான் சார், என் கண்ணால பாத்தேன்" என்று அழுதாள். நீங்களும் விபத்தென்று எழுதி முடித்துவிட்டீர்கள்.

ஒன்றை மட்டும் கோட்டை விட்டீர்கள். அன்றைக்குத் திரும்பி வந்ததும் மிதவையை முதல் தடவையிலேயே பிடித்தேன். அதே காற்றுதான், பழகின கை செய்துவிட்டது. "இந்த நிலைமையிலயும் கை தப்பல பாருங்க" என்று துறைக் காவலர் எல்லோரிடமும் மெச்சிக்கொண்டார். கேட்பீர்கள் கேட்பீர்கள் என்று இருந்தேன், நீங்கள் கேட்கவே இல்லை.

மூன்று மாதம் நல்லபடியாகப் போனது. நேற்றுக் காலை அக்கா காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள். "நீ தனியாப் போறத நெனச்சா பயமா இருக்குடா. நாளையிலேருந்து நானும் வரேன். எனக்கும் இந்த வீட்ல பேச யாரு இருக்கா?"

"சரிக்கா" என்றேன்.

தொப்பிகூட வாங்கி வைத்திருக்கிறாள். ஐந்து மணிக்குத் துறையில் வந்து நிற்பாள். இப்போது நாலரை. ஆள் அனுப்பி அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுங்கள். என்னால் இன்னொரு தடவை சுற்ற முடியாது சார், களைத்துவிட்டேன்.

வராதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷன் நின்றிருக்க மாட்டாரா என்று கேட்கிறீர்கள். நின்றிருப்பார். மறுபேச்சு பேசியிருக்க மாட்டார். ஆனால் நேராக வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லியிருப்பார். அக்கா மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும், நீங்களே சொல்லுங்கள்.