சப்பாத்தோடு வயலில் இறங்கியவர்

"எங்க ஜப்பான் சூப்பர்வைசரு, பிக்னிக் போன எடத்துல கால்ல போட்ட சப்பாத்தோட நெல்லு வயல்ல எறங்கி நின்னுட்டாருக்கா."

கோல சிலாங்கூர் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்கள் இருவரும் ரவாங் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார்கள். நான் தூங்குவதுபோல் நடித்தேன். கழுத்து மட்டும் கொக்குபோல் நீண்டிருந்தது.

"என்னாச்சாம் அவருக்கு?"

"விவசாயி மவன்லா. மூத்த மவன்தான் நெலத்தோட இருக்கணுமாம். இவரு பேக்டரிக்கு வந்துட்டாரு. தம்பிங்களும் டவுனுக்குப் போயிட்டாங்க. அப்பா மட்டும் மெசின வச்சு நாத்து நடுறாராம்."

"போயிப் பாக்க வேண்டியதுதானே?"

"லீவு டிசம்பர்லதான். அப்ப ஜப்பான்ல பனி கொட்டும், வயல்ல வேலையில்ல. அப்பாவும் டவுனு பேக்டரிக்குப் போயிடுவாராம்."

"அப்ப வீட்டுல யாரு?"

"யாருமில்லக்கா. போன வருசம் போயி, பூட்டுன வீட்டு வாசல்ல கெடந்த பனிய வாரித் தள்ளிட்டுத் திரும்பி வந்தாராம்."