வீக்கம் தலைக்குள்ளே, கவலை தலைமேலே

கிள்ளானில் ஏறிய கொமுட்டர் ரயிலில் என் எதிர் சீட்டில் ஒரு கணவன் மனைவி. "தொடை வழியாத்தானே கம்பி விடறாங்க, முடி மட்டும் ஏன் தலையில கொட்டணும்?" என்று கணவர் கேட்டதும் நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டேன். வழுக்கைக்காரனுக்கு அக்கறை இருக்காதா?

"எக்ஸ்ரேயைத் தலைக்கு நேரா பிடிச்சுத்தானே உள்ள பார்க்கறாங்க. ரொம்ப நேரமானா கொஞ்சம் கொட்டலாம், மறுபடி முளைச்சிடும்னு டாக்டர் சொன்னாரே. கேட்கலையா?"

"மூளை ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்குன்னதும் எனக்குக் காது அடைச்சிடுச்சு லா."

"வீக்கத்துக்குள்ள சுருள் கம்பி அடைச்சா, ஒவ்வொண்ணா விடணும், எக்ஸ்ரே நேரம் கூடும். உங்களுக்கு வீக்கத்துக்குள்ள ரத்தம் போகாம தடுக்கற வலைக்குழாய் வச்சா நேரம் கம்மியாம். ஆனா ரத்தம் உறையாம இருக்க மாசக்கணக்குல மாத்திரை."

"அடுத்த மாசம் மக கல்யாணம். போட்டோல சொட்டை தெரிஞ்சா? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்ப்போம்."

"இருக்கறதே நாலு முடி. அதுக்கு இவ்ளோ காவலா?"

நான் என் தொப்பியைச் சற்று இறக்கிக்கொண்டேன்.

ரயில் சுபாங் ஜெயா நிலையத்தைத் தாண்டியது. பிறகு அந்த அம்மாவின் குரல் இறங்கியது. "ஏங்க, முடி போனா பத்துமலை முருகனுக்குக் குடுத்தோம்னு சொல்லிக்கலாம். நீங்க போனா யாருக்குக் குடுத்தேன்னு சொல்றது?"

கணவர் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"சரி, வலையே வைக்கட்டும். இன்னிக்கே ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டுடறேன். பேனா எடுத்துட்டு வந்தியா?"

அந்த அம்மா கைப்பையைத் திறந்தார். மூன்று பேனாக்கள் இருந்தன.