ஏ.சி.க்கு நேரே இருந்த அலமாரி

அவையைக் கட்டி ஆளும் தலைவர் அவர்களே! கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து என்னை எடைபோடும் மூத்த மருத்துவப் பெருமக்களே! தூக்கம் துறந்து துடிப்பை எண்ணும் செவிலியச் சகோதரிகளே! எல்லாருக்கும் மேலாக, பிள்ளையை மடியில் ஏந்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தலைவணங்குகிறேன்.

போன ஆண்டு இதே மேடையில் மார்தட்டி நின்றவன் நான். "மருந்து கிடைத்துவிட்டது!" என்றேன். விண்ணதிரக் கைதட்டினீர்கள். இறங்கி வந்தபோது, பிறந்ததும் அழாத மகனை மடியில் வைத்திருந்த தாய் ஒருவர், "எப்போ சார் வரும்?" என்று கேட்டார். "அடுத்த வருஷம்மா" என்றேன், ஏதோ பேருந்து வரும் நேரத்தைச் சொல்வதுபோல! இன்று உங்கள் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன். பின்வரிசை ஐயா, பொறுங்கள், சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை.

பிறக்கும்போதே மூச்சு முட்டிய குழந்தையின் மூளைக்குள் நடப்பது என்ன? அங்கே மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றொரு கூட்டம். கடுகைவிடச் சிறுத்தவை, காரம் குறையாதவை! எந்தப் புரதத்தை ஆக்கலாம், எதை நிறுத்தலாம் என்று செல்லுக்குள் அதட்டுபவை. பிராணவாயு குறைந்ததும் அவற்றில் ஒன்று தறிகெட்டு, செல்லைக் காக்கும் புரதத்தையே நிறுத்திவிடுகிறது. அதன் வாயைக் கட்டுவதே எங்கள் மருந்து. மூச்சு முட்டவைத்த எலிக்குட்டிகளுக்குப் போட்டோம். மருந்து போட்டவை துள்ளின, வெறும் உப்புநீர் போட்டவை துவண்டன. குட்டிகளா துள்ளின? அவற்றைவிட நானல்லவா துள்ளினேன்!

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கும் அம்மையார் ஒருவர் உண்டு. 'எலிக்கு மாமியார்' என்பது நாங்கள் சூட்டிய பட்டம். ஒருநாள் கூண்டு கழுவிக்கொண்டே கேட்டார்:

"ஏன் சார், மருந்து போட்டதெல்லாம் ஏ.சி.க்கு நேரா இருக்கு. மத்ததெல்லாம் விளக்குப் பக்கம் கதகதன்னு இருக்கு. பரவாயில்லையா?"

"ஒண்ணோட ஒண்ணு கலந்துடக் கூடாதுன்னுதாம்மா பிரிச்சு வச்சேன்."

"இல்ல சார், மூச்சு முட்டுன குழந்தைய வார்டுல மூணு நாள் குளிர்லதானே வைக்கிறாங்க?"

குளிர்விப்பதுதான் இன்று கையிலுள்ள சிகிச்சை என்று வகுப்பெடுப்பவனே நான்தான்! எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான். குட்டிகளைக் காத்தது மருந்தா, ஏ.சி.யா? ஐயா, இப்போது சிரிக்கலாம்.

மீண்டும் தொடங்கினோம். ஒரே அலமாரி, ஒரே சூடு. எதில் மருந்து, எதில் உப்புநீர் என்று எனக்கே தெரியாதபடி குறியிட்டவர் மாமியார். எட்டு மாதம் எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை அந்தப் புண்ணியவதி! குறியைப் பிரித்தோம். பலன் நான் முழங்கியதில் பாதிகூட இல்லை. ஆனால் இருந்தது! ஏ.சி.யின் தயவில்லாமல் இருந்தது! அன்று நான் துள்ளவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

சற்றுமுன் அதே தாயிடம் போனேன். "நான் சொன்னது தப்பும்மா. இன்னும் எலியைத் தாண்டல. வந்தாலும் பிறந்த உடனே போடணும். உங்க பையனுக்கு உதவாது" என்றேன்.

மகனின் வாயைத் துடைத்துவிட்டு அவர் சொன்னார்: "எம்புள்ளைக்கு இல்லன்னு அப்பவே தெரியும் சார். அடுத்தவ புள்ளைக்குத்தான் கேட்டேன். அவசரப்படாம பண்ணுங்க."

அவையோரே! கைதட்ட வேண்டுமானால் மாமியாருக்குத் தட்டுங்கள். கதவோரம் நிற்கிறார், ஓடிவிடுவார், யாராவது கதவைப் பிடியுங்கள்! எனக்குரியதை மட்டும் எடுத்து வையுங்கள். அந்த அடுத்த பிள்ளை வீறிட்டு அழும் நாளில் வந்து வாங்கிக்கொள்கிறேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, பொறுத்துக்கொண்ட அந்தத் தாய்க்கு என் வணக்கம்.