உள்ளே வராத ஐந்து பாட்டு

— இன்னொரு தடவ எண்ணும்மா.

— மூணு தடவ எண்ணியாச்சு மாமா. உங்க ஃபோல்டர்ல இருக்கறது அறுபத்து மூணு பாட்டு. பாட்டுப் போடற ஆப்போட லைப்ரரிக்குள்ள வந்தது அம்பத்தெட்டு. மீதி அஞ்சும் வாசல்லயே நிக்குது.

— ஏன் நிக்குது?

— அதத்தான் பாக்கறேன். சொல்லாம கொள்ளாம விட்டுட்டுப் போயிடுச்சு. இன்ன தப்புன்னு ஒரு வரி காட்டினா பிடிச்சிடலாம்.

— நம்ம வீட்டுல யாரையும் வாசல்ல நிக்க வெச்சு அனுப்பினது கிடையாது. இந்த மெஷினுக்கு அந்த முறை தெரியல.

— மெஷின் உங்களுதுதான் மாமா.

— கிண்டல் வேண்டாம். ஞாயித்துக்கிழமை நாப்பது பேர் வராங்க. எங்க அப்பா பிறந்து நூறாவது வருஷம். அவர்கிட்ட பாட்டு படிச்ச பிள்ளைங்களே பேரன் பேத்தி எடுத்தாச்சு, அவங்களும் வராங்க. ஹால்ல நாற்காலி போட்டு, ரெண்டு ஸ்பீக்கர் வெச்சு, அப்பா குரல் கேக்கணும். நடுவுல விக்கி நின்னா எனக்கு மானக்கேடு.

— நிக்காது. எங்க ஆபீஸ்ல ஒரு நாளைக்கு நாப்பது பேர் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு போன் பண்றாங்க. பாதிப் பேருக்கு, ஒரு தடவ அணைச்சுப் போடுங்கன்னு சொன்னாலே சரியாயிடும்.

— நான் ரெண்டு தடவ அணைச்சுப் போட்டேன்.

— அப்ப நீங்க அந்த மீதிப் பாதி. இருங்க, உள்ள வந்ததுல ஒண்ணப் போட்டுப் பாக்கறேன், சத்தம் சரியா இருக்கான்னு... கேக்குதா?

— கேக்குது. இரு, நிறுத்தாத. பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ தொண்டையக் கனைப்பார் பாரு... இதோ. ரெண்டு தடவ. எப்பவும் ரெண்டு, மூணாவது கிடையாது.

— பின்னால என்னமோ கிரீச்சுன்னு கேக்குதே?

— அவர் நாற்காலி. ஒரு கால் குட்டை. அட்டைய மடிச்சு அடியில வைப்போம். பாட்டு சூடு பிடிச்சா அட்டை நழுவிடும். எங்க அக்கா ஒரு கையால டேப் ரிக்கார்டரோட சிவப்புப் பட்டன அழுத்திக்கிட்டு, இன்னொரு கையால உதட்டுல விரல வெச்சு எங்க ரெண்டு பேரையும் முறைப்பா. சின்னவன் சிரிப்ப அடக்க முடியாம என் சட்டையக் கடிப்பான்.

— சின்ன மாமாவா?

— பாட்டப் பாரு.

— சரி, பாப்போம். வராத அஞ்சும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது மாமா. "கடைசி கேசட்"னு.

— அந்த அஞ்சா? அத முதல்லயே சொல்லக் கூடாதா? அது இல்லாம கூட்டமே வேண்டாம். எல்லாருக்கும் போன்ல சொல்லி வெச்சிருக்கேன்.

— அதுல என்ன விசேஷம்?

— உன் புருஷன் உனக்குச் சொன்னதே இல்லையா? இந்த வீட்டுக் கதைய அவனுக்கு நூறு தடவ சொல்லியிருக்கேன்.

— அவர் சொன்னா ரெண்டு வரியில முடிச்சிடுவார். நீங்க சொல்லுங்க. அதுக்குள்ள இத வேற இடத்துக்கு காப்பி பண்ணிப் பாக்கறேன்.

— அப்பா போறதுக்கு மூணு வாரம் முன்னாடி. தொண்டையில ஆபரேஷன் ஆகி மூணு மாசம். பேச்சே இல்ல. சிலேட்டுல எழுதிக் காட்டுவார். ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குத் தலைவலி, ஆபீஸ்ல சொல்லிட்டு மத்தியானமே வந்துட்டேன். பின்னாடி சைக்கிள நிறுத்திட்டு உள்ள வந்தா, மாடியில பாட்டு. மாடிப்படியில நாலாவது படி, அப்படியே உக்காந்துட்டேன். அஞ்சு பாட்டு. ஒரு சுருதி விலகல. அக்கா அத கேசட்ல எடுத்திருக்கா. போற உயிரு குரலத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டு வந்து, வீட்டுக்குப் பாடிக் கொடுத்துட்டுப் போச்சு. எத்தன வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை? அந்தக் கேசட்ட நாடா தேஞ்சு போற வரைக்கும் கேட்டிருக்கேன்.

— மாமா.

— என்ன?

— பிடிச்சுட்டேன். காப்பி பண்ணப் போனா, பேர் ரொம்ப நீளம்னு சொல்லுது.

— பேரா?

— பாட்டோட பேரும் அது இருக்கற ஃபோல்டர் பேரும் சேத்து ஒரு அளவு இருக்கு. அதத் தாண்டினா லைப்ரரியால திறக்க முடியாது. இந்த ஃபோல்டர் பேர் முதல்லயே இதுதானா?

— கேசட்டையெல்லாம் அவ கம்ப்யூட்டர்ல ஏத்தினப்ப அக்கா மொட்டையா "பாட்டு"ன்னு வெச்சிருந்தா. ஒரு மரியாதை வேண்டாமா? என் மெஷினுக்கு வந்த பிறகு நான்தான் திருத்தினேன்.

— "பெருமதிப்பிற்குரிய தந்தையார் இசையாசிரியர் அவர்களின் அருங்குரல் தொகுப்பு"...

— முப்பத்தாறு வருஷம் ஆபீஸ்ல கடிதம் எழுதின கை. குறை சொல்லாத.

— கடிதத்துக்கு நல்லா இருக்கும். பாட்டுக்குத்தான் மூச்சு முட்டுது. ஆனா உங்க மேல மட்டும் தப்பு இல்ல மாமா. உங்க அக்கா பெரியத்தையும் இந்த அஞ்சுக்கு மட்டும் பேர் வெக்கல, கடிதமே எழுதியிருக்காங்க. மத்ததுக்கெல்லாம் "மழைப் பாட்டு", "பள்ளிக்கூடப் பாட்டு"ன்னு ரெண்டே வார்த்தை.

— அவளுக்குக் கேசட் அட்டையில எழுதிப் பழக்கம். ஓரத்துல, மடிப்புல, பின்பக்கம்னு இடம் விடாம எழுதுவா. யார் வந்தா, யார் இருமினான்னு எல்லாம் இருக்கும். ஆனா இந்தக் கேசட்டோட அட்டை மட்டும் வெறுமையாத்தான் கிடந்துச்சு.

— அங்க எழுதாதத இங்க எழுதிட்டாங்க போல. சரி, ரெண்டுல ஒண்ணுதான் மாமா. ஒண்ணு, உங்க ஃபோல்டர் பேரக் குறைக்கணும். இல்ல, பெரியத்தை எழுதினத வெட்டணும்.

— அப்பா பட்டத்துல கை வெக்காத. அக்காவுத வெட்டு. அவ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா.

— எங்க வெட்ட? அஞ்சும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது. முன்பக்கம் மட்டும் விட்டா அஞ்சுக்கும் ஒரே பேர் ஆயிடும், மெஷின் ஏத்துக்காது. முழுசாப் படிச்சுட்டுத்தான் வெட்டணும்.

— படி. சீக்கிரம்.

— "கடைசி கேசட் முதல் பாட்டு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெரிய தம்பி ஆபீஸ் போன பிறகு ஜன்னலச் சாத்திட்டு எடுத்தது நடுவுல கேக்கறது கீழ்வீட்டுக் குழாய்த் தண்ணி".

— பாத்தியா? அதே செவ்வாய்க்கிழமை. "முதல் பாட்டு"ன்னு மட்டும் போடு.

— ஜன்னல ஏன் சாத்தினாங்க?

— காத்துச் சத்தம் விழும். அடுத்தது.

— "கடைசி கேசட் ரெண்டாவது பாட்டு டக் டக்னு கேக்கறது அப்பா விரல் கட்டில் சட்டத்துல தாளம் போடறார் குரல்தான் போச்சு தாளம் போகல".

— ம்.

— மாமா, குரல் போச்சுன்னு எழுதியிருக்காங்க.

— அதான் ஆபரேஷன் ஆச்சுன்னு சொன்னேனே. வெட்டு.

— அப்ப பாடறது...

— வெட்டும்மா.

— மூணாவத இன்னும் படிக்கல மாமா.

— படிக்க வேண்டாம். எல்லாம் எனக்குத் தெரிஞ்ச கேசட்தான்.

— படிக்காம வெட்ட மாட்டேன். அவங்க கண்ணு மங்கின பிறகு, கண்ணாடிக்கு மேல பூதக்கண்ணாடி வெச்சு ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி அடிச்சத நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். வேணும்னா நீங்க அந்த ரூமுக்குப் போங்க.

— என் வீட்டுல என்னை வேற ரூமுக்குப் போகச் சொல்றியா?

— இல்ல மாமா. இங்கயே உக்காருங்க. நான் மெதுவாப் படிக்கறேன்.

— ...படி.

— "கடைசி கேசட் மூணாவது பாட்டு பாடறது சின்னவன் அப்பாதான் சிலேட்டுல எழுதிக் காட்டிக் கூப்பிடச் சொன்னார் பின்வாசல் வழியா வந்தான் அதே தொண்டை"... தண்ணி கொண்டு வரட்டுமா மாமா?

— வேண்டாம்.

— சின்ன மாமாவ ஏன் பின்வாசல் வழியா...

— முன்வாசல நான் சாத்தியிருந்தேன். பாட்டு வாத்தியார் பிள்ளை, ஓட்டல்ல ஜிகினாக் கோட்டு மாட்டிக்கிட்டு, தின்னுக்கிட்டும் குடிச்சுக்கிட்டும் இருக்கறவன் முன்னாடி, கரண்டிச் சத்தத்துக்கு நடுவுல பாடினான். தெருவுல நாலு பேர் என்னை நிறுத்திக் கேட்டாங்க. அப்பா பேரக் கெடுத்தவனுக்கு இந்த வீட்டுல இடமில்லன்னு சொன்னேன்.

— தாத்தா அப்படிச் சொன்னாரா?

— அவர் ஒண்ணும் சொல்லல.

— பெரியத்தை தவறினப்பக்கூட அவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னுட்டே போனார். நான் டம்ளர்ல தண்ணி எடுத்துக்கிட்டு ரோட்டத் தாண்டறதுக்குள்ள பஸ் ஏறிட்டார்.

— பாத்தேன். முடி எல்லாம் வெளுத்துப்போச்சு. அடுத்தது படி.

— "கடைசி கேசட் நாலாவது பாட்டு நடுவுல அழறது நான் அப்பா சின்னவன் தலையில கை வெச்சார்".

— இன்னும் ஒண்ணு இருக்குல்ல?

— இருக்கு. இதான் எல்லாத்தையும்விட நீளம். "கடைசி கேசட் அஞ்சாவது பாட்டு முடிஞ்சு சின்னவன் போன பிறகு பெரிய தம்பி மேல வந்து அப்பாவுக்குக் குரல் திரும்பிடுச்சுன்னு சொன்னான் அவன் முகத்தப் பாத்து இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல அப்பாவும் சிலேட்ட எடுக்கல என்னைக்காவது அவனே கேப்பான்னு இருந்தேன் அவன் கேக்கவே"...

— கேக்கவே?

— அவ்வளவுதான் மாமா. அதுக்கு மேல எழுத மெஷின் விடாது. அளவு முடிஞ்சுபோச்சு.

— கேக்கவே இல்ல. வேற என்ன எழுதியிருக்கப் போறா? கேக்கவே இல்ல.

— இப்ப எப்படி வெட்டட்டும்? நீங்க சொல்றபடி செய்யறேன். "முதல் பாட்டு", "ரெண்டாவது பாட்டு"ன்னு போட்டா, ஞாயித்துக்கிழமை ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் தாத்தா குரல்னுதான் கேப்பாங்க.

— ம்.

— அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா மாமா? கோவிச்சுக்கக் கூடாது.

— கேளு. அக்காவுக்குத்தான் யாரும் கேக்கலன்னு குறை.

— மூணு மாசமா பேச்சில்லாத அப்பா பாடறார்னா, நானா இருந்தா ரெண்டு ரெண்டு படியா தாவி ஓடியிருப்பேன். நீங்க ஏன் நாலாவது படியிலயே அஞ்சு பாட்டும் உக்காந்திருந்தீங்க? சின்ன மாமா இறங்கிப் போற வரைக்கும் ஏன் மேல போகல?

— அந்த ஃபோல்டர் பேர எடுத்துடு.

— எத?

— பெருமதிப்பிற்குரிய, அருங்குரல், எல்லாத்தையும். "அப்பா"ன்னு மட்டும் போடு. அக்கா எழுதினதுல ஒரு எழுத்து குறையக் கூடாது.

— நிஜமாவா?

— நான் ஒரு வார்த்தைய ரெண்டு தடவ சொல்றவன் இல்ல.

— போட்டாச்சு. இருங்க... அறுபத்தொண்ணு, அறுபத்து ரெண்டு... அறுபத்து மூணும் உள்ள வந்துடுச்சு மாமா! ஆனா பாடினவர் பேருக்கு ஒரு கட்டம் இருக்கு. அந்த அஞ்சுக்கும் காலியா கிடக்கு.

— அவன் பேர் போடு.

— முழுப் பேரா?

— அப்பா பேரோட சேத்துப் போடு. அவர் பிள்ளைதானே... அவன் நம்பர் உன்கிட்ட இருக்கா?

— பெரியத்தை கொடுத்து வெச்சிருந்தாங்க. என்னைக்காவது தேவைப்படும்னாங்க.

— ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. அஞ்சையும் அவனே உக்காந்து பாடட்டும். அப்பா நாற்காலிக்கு நான் அட்டை மடிச்சு வெக்கறேன்.

— திடீர்னு கூப்பிட்டா ஏன்னு கேப்பாரே மாமா. "உங்க அண்ணனுக்கு விஷயம் இன்னைக்குத்தான் தெரிஞ்சுது"ன்னு சொல்லட்டுமா?

— பொய் சொல்லாத. அன்னைக்கு சைக்கிள நிறுத்தறப்பவே, நான் அவனுக்கு வாங்கிக் கொடுத்த செருப்பு பின்படியில கிடந்தத நான் பாத்துட்டேன். அவன் இறங்கி வரப்ப சமையல்கட்டுல ஒதுங்கி நின்னுக்கிட்டேன். இந்தத் தடவ செருப்ப முன்வாசல்ல கழட்டச் சொன்னேன்னு சொல்லு.